இணைந்த கணிதமா, வெறும் கணிதமா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ

கண்டாவளையான்:

ஓஎல் (சாதாரண தர) முடிவு வந்து, ஏஎல் என்ற உயர்தரத்துக்குப் பாடம் தெரிந்து கொடுக்கும் நாள். படிவத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் (தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த பாடம்; 'கணிதம்' என்பது வேறு பாடம்) என்று எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். சேர் நிமிரவே இல்லை. சிவப்புப் பேனையை எடுத்து 'இணைந்த' என்பதை மட்டும் வெட்டினார். "கணிதம் எடும் தம்பி, அது சுகம். உங்கட பக்கத்துப் பிள்ளையளுக்கு இது காணும்."

எனக்கு ஓஎல் கணிதத்துக்கு ஏ. அந்தப் பெறுபேற்றுத் தாள் படிவத்துக்கு அடியிலேயே கிடந்தது, அவர் புரட்டவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ரவுன் பெடியனும் அதே மூன்று பாடம்தான் எழுதியிருந்தான். அவனுடையதில் சிவப்பு மை படவில்லை.

ஏஎல் முடிந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் பார்த்தபோதுதான் விளங்கியது. பொறியியலுக்கு மூன்று பாடத்தையும் பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார்கள்: இரசாயனவியல், பௌதிகவியல், இணைந்த கணிதம். மூன்றாவதுக்குப் பதிலாகக் கணிதம் செல்லாது. இப்போது எனக்கு நல்ல வேலை, குறை ஒன்றும் இல்லை. ஆனால் பஸ் கிளிநொச்சி அறிவியல் நகரைத் தாண்டும்போது, அந்தப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் ஏறி இறங்கும்போது, அந்தப் பேனைதான் ஞாபகம் வருகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

தம்பி, பிள்ளையின் படிவத்தில் கை வைத்தது பிழை, அதில் பேச்சில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, ஓஎல்லில் ஏ, நல்ல கெட்டிக்காரி. சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கு, உராய்வோடு. விசைகளைக் குறிக்கத் தொடங்கி, அடியில் உராய்வு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அம்புக்குறியைப் போட்டுப் போட்டு அழித்து, கடைசியில் தாள் ஓட்டையாய்ப் போனது. அந்த ஓட்டையைப் பார்த்தபடி இருந்தாள். மறுநாள் பயோ (உயிரியல்) வகுப்பில் போய் இருந்துவிட்டாள்.

அதனால் இப்போது ஓஎல் எழுதிய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஓஎல் ஏயை நம்பி இறங்காதீர்கள். அங்கே ஒரு முறையைப் பழகினால் விடை வரும். இணைந்த கணிதத்தில் எந்த முறை என்பதையே நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். ஒவ்வொரு தாளிலும் பகுதி ஏயில் 10 கேள்வி, பத்தும் செய்ய வேண்டும். பகுதி பியில் 7 தருவார்கள், 5 செய்ய வேண்டும். எங்கள் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இரண்டாவது தாளில். நிலையியலுக்குப் படம் கீறப் பழகாமல் சூத்திரம் பாடமாக்குவார்கள். தூய கணிதத்தில் வகையீட்டை ஓரளவு பிடித்துவிடுவார்கள், தொகையீட்டில் சறுக்குவார்கள், ஏனென்றால் அட்சர கணிதம் கையில் இல்லை. ஓஎல் விடுமுறையில் ரியூசனுக்கு ஓடாமல், காரணிப்படுத்தலையும் சமனிலிகளையும் திரிகோண கணிதத்தையும் ஒரு கொப்பி முடியும் வரை செய்யுங்கள்.

இன்னொன்று. "எங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே" என்று, பல்கலைக்கழகத்துக்கு எடுபடத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியைத் தகப்பன்மார் சொல்வார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதி அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பட்டியலில் உண்டு. உண்மைதான். ஆனால் மூன்று பாடத்திலும் சித்தி இல்லாவிட்டால் எந்த வீதமும் உதவாது. ஒரு பாடம் விழுந்தால், அனுமதிக்குப் பார்க்கும் இஸட் ஸ்கோர் என்ற புள்ளியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குளக்கட்டு:

ரீச்சர், இவ்வளவும் ஒரு பாடத்துக்கா? 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் தூய கணிதம் தனிப்பாடம், பிரயோக கணிதம் தனிப்பாடம், பௌதிகவியல், இரசாயனவியலோடு மொத்தம் நாலு. இணைத்த பிறகு வந்தவர்கள் பாரம் என்று சொல்லக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான்.

96இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் பக்கம் போய்விட்டோம். மண்ணெண்ணெய் கிடைத்தால் ஜாம் போத்தல் விளக்கு, இல்லாவிட்டால் பொழுதோடு படிப்பு முடிந்தது. பிரயோக கணிதத்துக்கு ஆள் இல்லை. பயோவுக்கு மாறுங்கோ, அங்கே நாலுக்கும் ஆள் இருக்கு என்றார்கள். அன்றைக்கு சேர் பாலை மரத்தடியில் தடியால் மண்ணில் பரவளைவு கீறிக்கொண்டிருந்தார். ஒரு மாட்டு வண்டில் அதன் மேலாலேயே போனது. வண்டில்காரர் திரும்பிப் பார்த்து, "குறை நினைக்காதேங்கோ மாஸ்டர்" என்றார். சேர் ஒன்றும் சொல்லாமல் சில்லுத் தடத்தைக் காட்டி, "இது தொடலி எண்டு வையுங்கோ, சமன்பாட்டை எழுதுங்கோ" என்றார். நான் மாறவில்லை.

முள்ளியவளை ரெக்:

குளக்கட்டு அண்ணை, உங்கள் மாட்டு வண்டிலுக்கு மரியாதை. ஆனால் ஒவ்வொரு முறையும் 96ஐக் கொண்டுவந்து வைத்தால், இப்போது படிக்கிறவர்கள் எதுவும் கேட்க முடியாது. ஆசிரியர் இல்லாத பிரச்சினை இன்றைக்கும் இருக்கிறது.

நான் தொழினுட்பப் பிரிவு. அது 2013இல்தான் வந்தது. பொறியியல் தொழினுட்பம், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாகக் கணிதம். ஆம், கண்டாவளையான் அண்ணாவுக்கு வெட்டிக் கொடுத்த அதே 'வெறும்' கணிதம். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலன்று, அவ்வளவு சனத்துக்குள் மாமி என்னைப் பிடித்து, "ரெக்கோ? ஏன் பிள்ளை, மற்ஸ் ஏலாதோ?" என்று சத்தமாகக் கேட்டா. பக்கத்தில் நின்ற ஆட்கள் எல்லாம் திரும்பினார்கள். கையில் அர்ச்சனைத் தட்டு, பதில் வரவில்லை.

பல்கலைக்கழகத்துத் தொழினுட்ப பீடத்தில் முதலாம் வருடம், முதல் கணித விரிவுரை. வகையீடு. புவியியலும் ஊடகமும் மூன்றாம் பாடமாக எடுத்து வந்தவர்கள் பேனையை வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் எனது கொப்பி கை மாறிக் கை மாறி மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டது. மாமிக்கு இதை இன்னும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் கணிதத்தில் இல்லை, தெரிவு செய்ய விடாமல் ஒன்றைத் தலையில் கட்டுகிறார்களே, அதில்தான்.

ஓமந்தைப் பெடியன்:

உயர் கணிதம் எடுத்த யாராவது இருக்கிறீர்களா? இணைந்த கணிதத்தோடு அதையும் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

எடுக்கலாம். ஆனால் இரசாயனவியலைக் கைவிட்டுவிட்டு எடுத்தால் பொறியியல் கதவு மூடும். உங்களுக்குச் சொல்லித் தர ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குளக்கட்டு அண்ணைக்கு: நாலு பாடம் படித்த காலத்திலும் ஏணிக் கணக்கில் விழுந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் இங்கே எழுத வரவில்லை.

நெடுங்கேணி அம்மா:

எனது மகனுக்கு ஓஎல்லில் பி. பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு ஆள் இல்லை, வவுனியாவுக்குப் போக வேண்டும். ரீச்சர் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஏணிக் கதை வந்ததும் எழும்பிப் போய்க் கொப்பியில் ஒரு ஏணி கீறிக்கொண்டு வந்து, "அம்மா, அடி வெளியாலதானே வழுக்கும், அப்ப உராய்வு சுவர்ப் பக்கம்தானே?" என்றான். எனக்கு என்ன தெரியும்? ரீச்சர், அவன் சொன்னது சரியா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

சரி. இனி அவனை வகையீட்டுக்கு முன்னர் காரணிப்படுத்தல் செய்யச் சொல்லுங்கோ. வவுனியா பஸ் நேரத்தையும் விசாரித்து வையுங்கோ.