அரை மணிக்கு ஏழரை டிகிரி: கோ-டு டெலஸ்கோப் வாங்கறவங்க படிச்சுட்டு வாங்குங்க

ராகுகாலம் (இரவு 9.12)
போன வாரம் பொட்டிதட்டி தம்பி எழுதினத அப்படியே போடுறேன், நான் திரிச்சேன்னு அப்புறம் சொல்லக்கூடாது. "நட்சத்திரப் பேர் மனப்பாடம் பண்ணின காலமெல்லாம் மலையேறிப் போச்சு. கோ-டு டெலஸ்கோப் வாங்குங்க, மொட்டை மாடில வைங்க, பட்டன அமுக்குங்க, பத்து நிமிஷத்துல சனி."

கோ-டுன்னா ரிமோட்ல பேர போட்டா மோட்டார் தானா அங்க திரும்பி நிக்கிற டெலஸ்கோப். பத்து நிமிஷமாம். எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடிக்காரர் இந்த மாதிரி எதையோ படிச்சுட்டு ஒண்ணு வாங்கிட்டாரு. 2025 நவம்பர் 9, ஞாயித்துக்கிழமை, மழை விட்டு வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கு, "சார் வாங்க சனி காட்டுறேன்"னு கூப்பிட்டாரு. ராத்திரி ஏழரை மணி. சனி தென்கிழக்குல நல்ல உயரத்துல சும்மா கண்ணுக்கே தெரியுது, இவரு அத பாக்கவே இல்ல, ரிமோட்ட பாத்துட்டு இருக்காரு. சனின்னு போட்டு என்டர் அமுக்கினாரு. கிர்ர்ர்ர்னு திரும்புச்சு, குனிஞ்சுச்சு, இன்னும் குனிஞ்சுச்சு, பக்கத்து மாடி கறுப்பு தண்ணி டேங்க் மேல போய் நின்னுடுச்சு. அவர் பொண்ணு ஐபீஸ்ல கண்ண வச்சுட்டு "அப்பா, சனி ஃபுல்லா கறுப்பா இருக்குப்பா"ங்குது.

காரணம் என்ன? நம்ம நேரம் கிரீன்விச் நேரத்த விட ஐந்தரை மணி முன்னாடி. அவர் ரிமோட்ல முழு மணிதான் போட முடியும், 5 இல்லாட்டி 6. அரை மணி தப்பு. பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுத்துது, அரை மணிக்கு ஏழரை டிகிரி. சனிய பாக்கப் போனவனுக்கு ஏழரை! நான் வேற என்னத்த சொல்ல.

பொட்டிதட்டி (9.31)
ஏழரை ஜோக் சூப்பர் சார், ஒரு வாரமா யோசிச்சிருப்பீங்க. ஆனா கணக்கு உதைக்குது. கைய நீட்டி முஷ்டி பிடிச்சா அதோட அகலம் 10 டிகிரி. ஏழரைன்னா ஒரு முஷ்டி கூட கிடையாது. 60 டிகிரிக்கு மேல நிக்கிற சனிக்கும் பக்கத்து மாடி டேங்குக்கும் ஒரு முஷ்டிதான் இடைவெளியா? உங்க ஊர்ல டேங்க்க வானத்துல கட்டுறாங்களா?

நடந்தத நான் சொல்றேன். அவரு தேதிய நம்ம பழக்கத்துல 09/11னு போட்டிருப்பாரு. ரிமோட்டுக்கு மாசம் முதல்ல. அது செப்டம்பர் 11னு எடுத்துக்கிச்சு. செப்டம்பர் 11 ஏழரை மணிக்கு சனி அப்பதான் கிழக்க உதிச்சு பத்து டிகிரி ஏறியிருக்கும். டேங்க் கிழக்கதானே இருக்கு? உண்மைய சொல்லுங்க.

அதோட ரெண்டு நட்சத்திரத்த கையால நடுவுல கொண்டுவந்து ரிமோட்டுக்கு காட்டி ஒழுங்கா அலைன் பண்ணியிருந்தா நேரம் அரை மணி தப்பா இருந்தாலும் அது அதுலயே கழிஞ்சிரும். அவரு அலைனே பண்ணலன்னு நினைக்கிறேன்.

ராகுகாலம் (9.38)
டேங்க் எந்த திசைன்னு இங்க எழுத முடியாது, அது அவர் வீட்டு விஷயம். கேள்வி ஒண்ணே ஒண்ணு. அரை மணி தப்பா போட்டா ஏழரை டிகிரி வருமா வராதா? ஆமா இல்லன்னு சொல்லு.

பொட்டிதட்டி (9.40)
அலைன் பண்ணினா வராது.

ராகுகாலம் (9.41)
பண்ணலன்னா?

பொட்டிதட்டி (9.41)
பண்ணணும் சார். பல்ல விளக்காம வாய் நாறுதுன்னு பேஸ்ட் கம்பெனிக்காரன திட்டுவீங்களா?

சித்ரா டீச்சர் (9.55)
ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறீங்க. சார் சொல்றது ரிமோட் தானா முதல் நட்சத்திரத்துக்கு திரும்புதே அந்த முதல் திருப்பம், அதுல ஏழரை டிகிரி தள்ளிதான் போகும். தம்பி சொல்றது ரெண்டு நட்சத்திரத்தையும் நாம கையால நடுவுல கொண்டுவந்து வச்சதுக்கு அப்புறம். அரை மணி தப்புங்கறது மொத்த வானத்தையும் துருவத்த சுத்தி கொஞ்சம் திருப்பி வச்ச மாதிரிதான், ரெண்டு நட்சத்திரத்த காட்டிட்டா அது புரிஞ்சுக்கும். நிலா மட்டும் மணிக்கு அரை டிகிரி நகருறதால கால் டிகிரி விலகும், அவ்வளவுதான். ஸ்கூல் மாடில இதான் பண்றோம், பிள்ளைங்களே பண்ணுதுங்க.

ராகுகாலம் (9.58)
பாத்தீங்களா, டீச்சரே சொல்லிட்டாங்க ஏழரை டிகிரி தள்ளிதான் போகும்னு.

பொட்டிதட்டி (9.59)
டீச்சர் சொன்னதுல முதல் வரி மட்டும்தான் படிச்சீங்களா?

புதுசு_2025 (10.04)
வணக்கம். 30 ஆயிரத்துக்குள்ள முதல் டெலஸ்கோப் எது வாங்கலாம்? பட்டன் வச்சதா, கையால தள்றதா? அபார்ட்மென்ட் மாடி, சுத்தி தெருவிளக்கு.

நாஞ்சில்_மக்கா (10.10)
ரெண்டு பேரும் கெடந்து அடிச்சிக்கிடுங்க மக்கா, நான் ஒரு ஓரமா இருந்து பாக்கேன். இந்த ரிமோட் கையேட்டுல முதல் வரியே "துருவ நட்சத்திரத்த பாத்து வைக்கவும்"னு போட்டிருக்கான். எந்த ஊர்ல எவ்வளவு அட்சரேகையோ அவ்வளவு உயரம்தான் துருவம். எங்க ஊர்ல எட்டு டிகிரி. தென்னந்தோப்பும் கடல் காத்து மூட்டமும் தாண்டி அத பாத்தவன் எவனாவது இருந்தா சொல்லுங்க, காலுல விழுதேன். ஆனா ஏப்ரல்ல எங்க பக்கம் வாங்க, ஒமேகா சென்டாரின்னு ஒரு நட்சத்திரக் கூட்டம் 34 டிகிரிக்கு ஏறி நிக்கும், தில்லிக்காரனுக்கு அது 14 டிகிரிதான். அத எட்டு இஞ்ச் டெலஸ்கோப்ல பாத்தா உப்ப அள்ளி கறுப்புத் துணியில கொட்டுன மாதிரி இருக்கும்.

ராகுகாலம் (10.22)
மக்கா கரெக்ட். சென்னையில துருவம் 13 டிகிரி, அங்க என்ன இருக்கும், எதிர் அபார்ட்மென்ட்காரன் துணி காயப்போட்டிருப்பான்.

வானத்த படிக்கிறதுன்னா என்னன்னு ஒரு உதாரணம் சொல்றேன், பொட்டிதட்டிகளுக்கு இது புரியாது. இப்ப நவம்பர்ல ராத்திரி எட்டு மணிக்கு தலைக்கு மேல கொஞ்சம் வடக்க பாரு, கட்டில் கால் மாதிரி நாலு நட்சத்திரம், பெரிய சதுரம். பூரட்டாதி உத்திரட்டாதின்னு பாட்டிமார் சொன்னதெல்லாம் அதுதான். அதோட வடகிழக்கு மூலைல இருந்து ரெண்டு நட்சத்திரம் தாவு, ரெண்டாவது கொஞ்சம் சிவப்பா இருக்கும், பேரு மிராக். அங்கேருந்து செங்குத்தா வடக்க திரும்பி மங்கலா இருக்கிற ரெண்டு சின்ன நட்சத்திரத்த பிடி. ரெண்டாவதுக்குப் பக்கத்துல கண்ணாடில மூச்சு விட்ட மாதிரி ஒரு புகை. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, 25 லட்சம் ஒளியாண்டு தூரம். முதல் தடவ நான் அத பிடிக்க மூணு ராத்திரி ஆச்சு, கொசு கடிச்சு கால் வீங்கிடுச்சு, மூணாவது ராத்திரி பிடிச்சப்ப வாய்விட்டு கத்திட்டேன், கீழ் வீட்டுக்காரரு திருடன்னு நினைச்சு டார்ச் அடிச்சிட்டு ஓடி வந்தாரு. பட்டன அமுக்கினவன் கத்துவானா?

பொட்டிதட்டி (10.34)
மூணு ராத்திரி லீவு போட எல்லாரும் ரிட்டயர் ஆகல சார். ஆபீஸ் முடிஞ்சு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து, பத்து மணிக்கு மாடி ஏறி, பதினொண்ணுக்கு மேகம் வந்துடும். அந்த ஒரு மணி நேரத்துல எனக்கு நாலு ஆப்ஜெக்ட் பாக்கணும். தெருவிளக்கு வெளிச்சத்துல உங்க அந்த ரெண்டு சின்ன நட்சத்திரம் கண்ணுக்கே தெரியாது, அப்புறம் எங்க தாவறது, டேங்க் மேலயா? நகரத்துக்குள்ளதான் கோ-டு ரொம்ப தேவை.

காவலூர்ல 1986ல திறந்த 2.3 மீட்டர் டெலஸ்கோப் இருக்கே, அதுல வேலை பாக்கிற விஞ்ஞானிங்க ஃபைண்டர்ல கண்ண வச்சு கட்டில் கால தேடறாங்களா? அவங்களும் பொட்டிதட்டிங்கதான்.

ராகுகாலம் (10.41)
காவலூரா? 1867ல நுங்கம்பாக்கம் மெட்ராஸ் அப்சர்வேட்டரில வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெடிகுலின்னு ஒரு மாறொளிர் நட்சத்திரத்தையே கண்டுபிடிச்சாரு. எந்த ரிமோட்ட வச்சிருந்தாரு? எந்த பட்டன அமுக்கினாரு? அவருக்கு அரை மணி தப்புச்சா?

பொட்டிதட்டி (10.44)
அவரு அந்த காலத்துல கிடைச்சதுலயே துல்லியமான கருவிய வச்சு வேலை பாத்தாரு. இன்னிக்கு இருந்தா கோ-டுதான் வாங்கியிருப்பாரு. உங்களுக்கு வயசானத எதுக்கு ரகுநாதாச்சாரி தலைல கட்டறீங்க.

ராகுகாலம் (10.45)
வயசப் பத்தி பேசறியா? சரி பேசுவோம். போன வருஷம் ஏலகிரிக்கு எல்லாரும் சேர்ந்து போனோமே, ஞாபகம் இருக்கா? இந்தத் தம்பியோட பொட்டி எட்டு பென்சில் பேட்டரில ஓடுச்சு. ஒன்பதரைக்கு ரிமோட்ல வெளிச்சம் மங்கிடுச்சு, திருப்புனா பாதில நிக்குது, கார்ல சிகரெட் லைட்டர்ல செருகறேன்னு காரையே டெலஸ்கோப் பக்கத்துல கொண்டுவந்து ஹெட்லைட்ட போட்டு அத்தன பேர் கண்ணையும் கெடுத்தாரு. இருட்டுக்கு கண்ணு பழக அரை மணி ஆகும். பாருங்க, அங்கயும் அரை மணி!

அப்புறம் என்னோட 10 எம்எம் ஐபீஸ "ரெண்டு நிமிஷம் சார்"னு வாங்கிட்டுப் போனாரு. காலையில திரும்பி வந்துச்சு, கண்ணாடில வெண்பொங்கல் நெய்.

பொட்டிதட்டி (10.52)
அது நெய் இல்ல. பனி.

ராகுகாலம் (10.53)
பனில மிளகு இருக்குமா?

நாஞ்சில்_மக்கா (10.55)
யம்மா, சிரிச்சு வயிறு வலிக்கி.

கட்டம்_பாக்கறவன் (11.02)
ஏழரைன்னு பேச்சு வந்ததால கேக்கறேன், சனி இப்ப கும்பத்துலயா மீனத்துலயா? திருக்கணிதப்படி 2025 மார்ச்லயே மீனத்துக்குப் போயாச்சு, வாக்கியப்படி 2026 மார்ச்லதான். உங்க ரிமோட்ல எந்த பஞ்சாங்கம்?

பொட்டிதட்டி (11.04)
அண்ணே, இது அந்த இடம் இல்ல.

ராகுகாலம் (11.06)
ஏன், சரியான கேள்விதான? நேரம் தப்புன்னா ரிமோட்டும் பஞ்சாங்கமும் ஒண்ணுதான். வாக்கியக்காரனாவது அடுத்த மார்ச்ல வந்து சேந்துருவான், ரிமோட்காரன் டேங்க்லயே நிப்பான்.

புதுசு_2025 (11.10)
நேத்து ஃப்ரெண்டு டெலஸ்கோப்ல சனி பாத்தேன், வளையத்தையே காணோம், குறுக்க ஊசி மாதிரி ஒரு கோடு மட்டும்தான். டூப்ளிகேட் டெலஸ்கோப்பா? அப்புறம் அந்த 30 ஆயிரம்...

சித்ரா டீச்சர் (11.15)
டூப்ளிகேட் இல்லப்பா. சனி சூரியன ஒரு தடவ சுத்த 29 வருஷத்துக்கு மேல ஆகுது, அதுல ரெண்டு தடவ வளையம் நமக்கு தட்டோட விளிம்ப பாக்கற மாதிரி நேரா நிக்கும். 2025 மார்ச்ல அப்படி ஆச்சு, இப்ப நவம்பர்லயும் ஒரு டிகிரி கூட சாயல. இனி மெல்ல விரியும், 2032 வாக்குல நல்லா அகலமா இருக்கும். கோடா தெரிஞ்சதே உன் ஃப்ரெண்டு டெலஸ்கோப் நல்லதுங்கறதுக்கு சாட்சி. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு 10x50 பைனாகுலர்...

ராகுகாலம் (11.17)
வாங்கறதா இருந்தா டாப்சோனியன் வாங்கு, மோட்டார் இல்லாம கையால தள்றது, மோட்டாருக்கு கொடுக்கிற காச கண்ணாடில போடு. கோ-டுல 6 இஞ்ச் வர்ற விலைல தள்ற டெலஸ்கோப்ல பெரிய கண்ணாடி கிடைக்கும், 6 இஞ்ச விட 8 இஞ்ச் ஒண்ணேமுக்கா மடங்கு வெளிச்சம் சேர்க்கும். நேரம் போட வேண்டாம், தேதி போட வேண்டாம்.

பொட்டிதட்டி (11.20)
ஆமா தம்பி, வாங்கு, அப்புறம் 150 மடங்குல வியாழன பாக்கறப்ப அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ கையால தள்ளிட்டே இரு, வீட்ல நாலு பேர் வரிசைல நின்னா நாலாவது ஆளு வெறும் இருட்டத்தான் பாப்பாங்க. எங்க அம்மாவுக்கு 68 வயசு, குனிஞ்சு தேட முடியாது. நான் செட் பண்ணி வச்சுட்டேன், நாற்காலில உக்காந்து நிதானமா வியாழனோட நாலு நிலாவையும் எண்ணினாங்க. மோட்டார் பின்தொடர்ந்துட்டே இருந்துச்சு. அத ராகுகாலம் சார் செஞ்சு காட்டட்டும்.

ராகுகாலம் (11.24)
அம்மாவ எதுக்கு இழுக்கற, அம்மாவுக்கு என் வணக்கம். ஆனா கேட்டதுக்கு பதில் வரல. அரை மணி, ஏழரை டிகிரி.

பொட்டிதட்டி (11.25)
எத்தன தடவ சொல்றது!!! அலைன் பண்ணினா கழிஞ்சிரும்!!!

ராகுகாலம் (11.26)
அலைன் பண்ண எந்த நட்சத்திரம்னு தெரியணும்ல? திருவோணம் எதுன்னு காட்டத் தெரிஞ்சாதான திருவோணத்துல அலைன் பண்ணுவ? அப்ப "மனப்பாடம் பண்ணின காலம் மலையேறிப் போச்சு"ன்னு எதுக்கு எழுதின?

பொட்டிதட்டி (11.30)
ரெண்டு நட்சத்திரம் தெரிஞ்சா போதும்னுதான் சொல்ல வந்தேன்.

ராகுகாலம் (11.31)
எழுதல.

நாஞ்சில்_மக்கா (11.33)
அது செல்லாது மக்கா, எழுதல.

பொட்டிதட்டி (மறுநாள் இரவு 8.47)
சரி, இன்னிக்கு மாடி ஏறி செஞ்சே பாத்துட்டேன். வேணும்னே நேரத்த அரை மணி தப்பா போட்டேன். முதல் நட்சத்திரம் திருவோணம் (மூணு வரிசையா நிக்கும், நடுவுல பெருசா இருக்கிறது, தெரியும் சார் எனக்கு). ரெண்டாவது தெற்க தனியா நிக்கிற ஃபோமல்ஹாட். ரெண்டையும் கையால நடுவுல கொண்டுவந்து வச்சேன். அப்புறம் சனின்னு அமுக்கினேன். ஐபீஸ்ல சனி. நடுவுல இல்ல, ஓரத்துல, ஆனா உள்ள. 25 எம்எம் ஐபீஸ்ல என் டெலஸ்கோப் காட்டறதே முக்கால் டிகிரி சொச்சம்தான், ஏழரை டிகிரி தள்ளியிருந்தா தெரிஞ்சிருக்கவே முடியாது. முடிஞ்சுதா?

சித்ரா டீச்சர் (8.58)
நல்ல சோதனை. இதே மாதிரி முதல் திருப்பத்துல எவ்வளவு தள்ளிப் போச்சுன்னும் அளந்திருந்தா ரெண்டு பக்கமும் தெளிவாயிருக்கும்.

ராகுகாலம் (9.03)
ஓரத்துல. அவரே சொல்றாரு, ஓரத்துல. எல்லாரும் குறிச்சு வச்சுக்குங்க.

பொட்டிதட்டி (9.05)
சார் அப்புறம் 10 எம்எம்ல போட்டு நடுவுக்கு கொண்டுவந்து கோடு மாதிரி வளையத்தையும் பாத்தேன், ஊசி முனை மாதிரி ஷார்ப்பா இருந்துச்சு.

ராகுகாலம் (9.06)
யாரோட 10 எம்எம்?