கண்மாய் தூர்வார ஜேசிபி வருது, தூம்புக் கல்வெட்டை போன்லயே பதிவு பண்ண முடியுமா?

உள்வாய்க்காரன்: வணக்கம் நண்பர்களே, எங்க ஊரு புதுக்கோட்டை மாவட்டம், கண்மாய் வத்திக் கெடக்கு, இந்தக் கோடையிலயே தூர்வாரப் போறதா பேசிக்கிறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா உள்வாய்ல, அதாவது தண்ணி நிக்கிற பக்கம், ஒரு குமிழித்தூம்பு நிக்குது, கண்மாய்த் தண்ணிய வயலுக்குத் திறந்துவிடுற பழைய கல் மதகு, ரெண்டு கல்தூணு, நடுவுல குறுக்குக்கல்லு, ஒரு தூண்ல ஏழெட்டு வரி எழுத்து, பாதி பாசி மூடிக் கெடக்கு. பக்கத்து ஊர்ல இதே மாதிரி ஒண்ண ஜேசிபி இடிச்சு கல்ல கரையில தள்ளிட்டுப் போயிருச்சு. எங்ககிட்ட இருக்குறது போனும் ஒரு லேப்டாப்பும்தான். மாவு பூசி போட்டோ எடுத்தா எழுத்து பளிச்சுன்னு தெரியும்னு ஒருத்தர் சொல்றாரு, செய்யலாமா?

கல்லெழுத்து: தம்பி, மாவு வேணவே வேணாம். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமும் போயிராதீங்க. வெறும் தண்ணி, மெத்துன்னு ஒரு பிரஷ், அது போதும். பொழுது சாஞ்சதும் போங்க, ஃப்ளாஷ ஆஃப் பண்ணிட்டு ஒரு ஆள் டார்ச்ச கல்லோட ஒட்டினாப்புல பக்கவாட்டுல பிடிக்கணும், வெட்டின பள்ளத்துல நிழல் விழுந்து பகல்ல தெரியாத எழுத்தெல்லாம் எந்திரிச்சு வரும். டார்ச்ச இடம், வலம், மேல, கீழன்னு மாத்தி மாத்தி எடுங்க, போன் மட்டும் ஸ்டாண்ட்ல அசையாம இருக்கட்டும். பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க. மைப்படி, அதாவது கல்லுல தாள ஒட்டி மை தடவி எழுத்த படியெடுக்குறது, பழக்கப்பட்டவங்க வேலை, அத தொல்லியல் துறைக்காரங்க வந்து பாத்துக்கட்டும். இன்னொண்ணு, புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929லயே அச்சாயிருக்கு, உங்க ஊர் பேரு அதுல இருக்கான்னு தேடுங்க. இருந்தா அன்னைக்கு முழுசா இருந்த வரி இன்னைக்கு எவ்வளவு தேஞ்சிருக்குன்னே தெரிஞ்சிரும்.

மேப்_கிறுக்கன்: அண்ணன் சொன்னதோட, பகல்ல மேகமூட்டமா இருக்கும்போது தூம்ப சுத்தி சுத்தி போட்டோ எடுங்க, ஒவ்வொரு படமும் முந்தின படத்தோட முக்கால்வாசி ஒத்துப்போகணும், மெஷ்ரூம்னு இலவச மென்பொருள் இருக்கு, அதுல போட்டா 3டி மாடல் வந்துரும். லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாட்டி திணறும், படங்கள மட்டும் பத்திரமா வைங்க, யார்கிட்டயாவது குடுத்து ஓட்டிக்கலாம். போன்ல லொகேஷன ஆன் பண்ணிக்குங்க. ஆனா தயவுசெஞ்சு வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பாதீங்க, படமும் சுருங்கிரும், லொகேஷன் தகவலும் அழிஞ்சிரும், டாக்குமெண்டா அனுப்புங்க. கடைசியா எல்லாரும் இலவசமா பாக்குற விக்கிமீடியா காமன்ஸ் படத் தளத்துல ஏத்திருங்க, உங்க போன் போனாலும் படம் இருக்கும்.

நீர்வழி: எல்லாரும் எழுத்தப் பத்தியே பேசுறீங்க, தூம்போட அடிய யாரும் கேக்கல. மேல குமிழ, அதாவது துளைய மூடுற அடைப்ப, தூக்குனா நீரோடித் துளை வழியா தண்ணி போகும், தரைமட்டத்துல சேறோடித் துளை இருக்கும், அது வழியா வண்டல் வயலுக்குப் போயிரும். கண்மாய் சீக்கிரம் மேடாகாம இருக்க நம்மாளுங்க வச்ச ஏற்பாடே அதுதான், தூர்வாருறேன்னு சொல்லி அதையே இடிக்கிறத எப்படிப் பொறுத்துக்கிறது! துளைகளோட அளவு, தூம்புல இருந்து வெளிய போற கால்வாய், எல்லாம் பதிவுல இருக்கணும். கூகுள் எர்த்துல பழைய வருசப் படங்கள் பாருங்க, கண்மாய்க்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் எங்க அடைஞ்சிருக்குன்னு தெரியும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படமும் இலவசம்தான், 10 மீட்டர் துல்லியம், எந்த மாசம் எவ்வளவு தூரம் தண்ணி நின்னுச்சுன்னு வரிசையா பாக்கலாம். மழை பேஞ்சப்புறம் கண்மாய்க்கு வர்ற பறவைகள இபேர்ட்னு பறவைப் பதிவுத் தளம் இருக்கு, அதுல போடுங்க, பொங்கல் சமயம் கணக்கெடுப்பும் நடக்கும்.

கல்லெழுத்து: நீர்வழி சொல்றது நியாயம். ஒரே ஒரு விஷயம், பக்கத்துல சிலை, நடுகல்லு ஏதும் தனியா கெடந்தா அதோட துல்லியமான இடத்த பொதுவெளியில போடாதீங்க, திருட்டுப் பயம் இருக்கு. துறைக்கு மட்டும் குடுங்க.

உள்வாய்க்காரன்: எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சேறோடித் துளை மண்ணுக்குள்ள கெடக்கு, பசங்களோட கையாலயே மண்ண விலக்கிப் பாக்குறோம்.

நீர்வழி: விலக்காதீங்க தம்பி, தூணு சாயும். முதல்ல தூம்ப சுத்தி கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுங்க, போட்டோவோட கலெக்டர் ஆபீஸ்லயும் தொல்லியல் துறையிலயும் மனு குடுத்து ரசீது வாங்குங்க, ஜேசிபி ஓட்டுற தம்பிகிட்டயும் நேர்ல காட்டிச் சொல்லிருங்க, அவர் கையிலதான் இருக்கு.