கல்லூரி நூலகத்துக்குத் தனி ஆப் வாங்கலாமா?

செல்வி_நூலகர்:
எங்களுடையது சிறிய கலைக் கல்லூரி. நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடுகிறது. முதல்வர் எங்கோ பார்த்துவிட்டு வந்து, ஆப் வேண்டும் என்கிறார். ஒரு கம்பெனி கொடேஷனும் தந்துவிட்டது. பராமரிப்புக்கு வருஷா வருஷம் தனிக் கட்டணம். பிள்ளைகள் கேட்பது என்னவோ, புத்தகம் ரேக்கில் இருக்கிறதா, வீட்டிலிருந்தே ரினியூ செய்யலாமா என்பதுதான். வாங்கலாமா?

பழைய_கேட்லாகர்:
இப்போதைக்கு வேண்டாம் மேடம். கேம்பஸ் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் ஓபேக்கை, அதாவது வாசகர்கள் புத்தகம் தேடும் இணையப் பக்கத்தை, திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் சர்வர் லேனுக்குள்ளேயே, அதாவது கல்லூரியின் உள் நெட்வொர்க்கிலேயே கிடக்கிறது. அந்த நிலையில் எந்த ஆப்பும் காம்பவுண்டு சுவரைத் தாண்டாது. ஓபேக்கை மட்டும் வெளியே விடச் சொல்லுங்கள், ஸ்டாஃப் பக்கம் உள்ளேயே இருக்கட்டும்.

கோஹா ஓபேக் போன் திரைக்குத் தகுந்தபடி தானே சுருங்கிக்கொள்ளும். குரோம் மெனுவில் முகப்புத் திரையில் சேர்த்தால் ஐகானும் வந்துவிடும். முதல்வரிடம் அதைக் காட்டுங்கள், ஆப் என்றே நினைத்துக்கொள்வார்! ரினியூவலுக்கு 'ஓபேக் ரினியூவல் அலவுட்' செட்டிங் இருக்கிறது. எத்தனை தடவை என்பதை சர்க்குலேஷன் (இரவல்) விதிகளில் போட்டுவிடுங்கள்.

உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்த் தலைப்புகளைத் தமிழில் மட்டும்தான் ஏற்றியிருப்பீர்கள். பிள்ளைகள் போனில் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், ஒன்றும் வராது. 'நூலகத்தில் இல்லை' என்று போய்விடுவார்கள், புத்தகம் ரேக்கில் தூசி படிந்து இருக்கும். புத்தகத்தின் மார்க் பதிவில் (கேட்லாக் பதிவு) மாற்றுத் தலைப்புக்கான 246-ம் புலத்தில் தலைப்பை ஆங்கில எழுத்திலும் கொடுங்கள். ழகரம் வந்தால் ஒருவர் ஒரு மாதிரி அடிப்பார், இன்னொருவர் வேறு மாதிரி. 246 எத்தனை முறையும் வரலாம், எல்லாவற்றையும் போடுங்கள்.

சிங்கை_வாசகன்:
ஒரேயடியாக ஆப் வேண்டாம் என்றால் எப்படி ஐயா? இங்கே சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் என்எல்பி மொபைல் ஆப்பில் புத்தகத்தின் பார்கோடை நாங்களே ஸ்கேன் செய்து இரவல் எடுக்கிறோம். வரிசையே கிடையாது.

பழைய_கேட்லாகர்:
நல்ல ஆப்தான் தம்பி. ஆனால் அது ஒரு நாட்டின் பொது நூலகங்களுக்கெல்லாம் சேர்த்து ஓடுவது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றில், திருட்டைத் தடுக்கப் புத்தகத்தில் ஒட்டிய மின்காந்தப் பட்டையைக் கண்டுபிடிக்கும் கேட் வாசலில் இருக்கிறது. போனில் இரவல் போட்டாலும், கவுன்டரில் பட்டையைச் செயலிழக்க வைக்காவிட்டால் வாசலில் கத்தும். அப்புறம், புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப அப்டேட் ஆகாத ஆப்பைப் பிளே ஸ்டோர் புதுப் போன்களுக்குக் காட்டாது. முதலாமாண்டுப் பிள்ளைகள் கையில் இருப்பதெல்லாம் புதுப் போன்.

செல்வி_நூலகர்:
பார்த்துவிட்டேன் சார், டேட்டாவில் திறக்கவில்லை. சிஸ்டம் அட்மினிடம் பேசுகிறேன். 246 வேலையை எங்கிருந்து ஆரம்பிக்க?

பழைய_கேட்லாகர்:
ரிப்போர்ட்ஸில் அதிகம் இரவல் போன புத்தகங்களின் பட்டியல் கிடைக்கும். அதில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களை முதலில் முடியுங்கள்.