தமிழ் காமிக்ஸ் அட்டைக்கு மூல அட்டை தேடுவது எப்படி? (திருகோணமலை வாசிகசாலைக் காட்சிக்கு)

உவர்மலை வாசகன்:

எங்கட வாசிகசாலைக்குப் பழைய காமிக்ஸ் பெட்டி ஒன்று வந்து கிடக்கு. முத்து, லயன், ராணி, இந்திரஜால், இடைக்கிடை ஆங்கிலப் புத்தகங்களும் இருக்கு. டிசம்பர் லீவுக்குப் பிள்ளையள் பாக்கிற மாதிரி சுவரில ஒரு காட்சி வைக்கிற யோசனை. இடப்பக்கம் வெளிநாட்டு மூல அட்டை, வலப்பக்கம் அதே கதையின்ர தமிழ் அட்டை.

சிக்கல் என்னெண்டால், இரும்புக்கை மாயாவிக்கும் மாடஸ்டிக்கும் எவ்வளவு தேடியும் பொருந்திற மூல அட்டை வரேல்லை. டெக்ஸ் வில்லர் ஒன்றில அட்டையில இருக்கிற காட்சி கதைக்குள்ளயே இல்லை. வேதாளர் (ஆங்கிலத்தில ஃபாண்டம்) ஒன்றில உடுப்பு நீலம். சுவீடன் பதிப்பைப் பார்த்து வரைஞ்சிருப்பாங்களோ? எது வெளிநாட்டு ஓவியம், எது சிவகாசியில வரைஞ்சது எண்டு என்ன மாதிரிப் பிரிக்கிறது? மூலப் பிரதிகளை அப்படியே தொங்கவிடலாமோ? தெரிஞ்ச அண்ணைமார் சொல்லுங்கோ.

பழைய பிரதி:

தம்பி, அட்டையைத் தேட முதல் அந்தக் கதைக்கு அட்டை என்று ஒன்று இருந்ததா என்று பாருங்கோ. தமிழில் வந்த பாதிக் கதைகளுக்கு அப்படி ஒன்று கிடையாது.

இரும்புக்கை மாயாவி 1962 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழின் தொடர். ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. கிழமைக்குச் சில பக்கம், கறுப்பு வெள்ளை. அதே இதழில் வேறு பல தொடர்களும் ஓடின, முன் அட்டை அந்த இதழுக்கு உரியது. ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல) இதே வகைதான்: 1965, ரெஜ் பன் வரைந்தது, வெளியானது பிரித்தானிய 'லயன்' வார இதழில். எங்களுடைய லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் சிவகாசியில் பிறந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் தேடலில் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வரும், கவனம். மாடஸ்டி 1963 இலும் ரிப் கெர்பி 1946 இலும் தொடங்கிய நாளிதழ்ப் பட்டைக் கதைகள். நாளிதழில் மூன்று நாலு கட்டம் வரும், அட்டைக்கு அங்கே இடமேது?

ஆகவே 1972 இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கினபோது அட்டையைப் புதிதாகவே உண்டாக்க வேண்டியிருந்தது. வழிகள் மூன்று: உள்ளே ஒரு கட்டத்தை எடுத்துப் பெருப்பித்து நிறம் பூசுவது, உள்ளூர் ஓவியரைக் கொண்டு வரைவிப்பது, அல்லது அதே நாயகனின் வேறொரு வெளிநாட்டுப் புத்தக அட்டையை வாங்கிப் போடுவது. மூன்றாவதுக்கு 1967 இல் தொடங்கிய ஃப்ளீட்வே சூப்பர் லைப்ரரி அட்டைகளைத் தேடிப் பாருங்கோ. அதில் மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் ஜானி நீரோவுக்கும் வண்ண ஓவிய அட்டைகள் உண்டு. கதை ஒன்றாகவும் அட்டை இன்னொன்றாகவும் இருக்கலாம்.

சொந்த அட்டையோடு பிறந்தவை வேறு: 1958 இல் தொடங்கிய வார் பிக்சர் லைப்ரரி, 1961 இல் தொடங்கிய கமாண்டோ போன்ற கையடக்கப் போர்க்கதைகள், லக்கி லூக் போன்ற ஐரோப்பிய ஆல்பங்கள் (பெரிய அளவுக் காமிக்ஸ் புத்தகங்கள்), அமெரிக்க மாத இதழ்கள், இத்தாலிய டெக்ஸ். உங்கட ஜோடிகளை இவற்றில் இருந்து எடுத்தால் வேலை சுகம். வாரத் தொடர்களுக்கு இடப்பக்கம் பொய்யாக ஓர் அட்டையைத் திணிக்காமல், வேலியன்ட்டில் அந்தக் கதை தொடங்கும் பக்கத்தை வையுங்கோ. காட்சிக்கு அதுதான் அழகும்கூட.

தேட கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணையத்தளம் நல்லது. படத்தைப் போட்டுத் தேடாமல் தொடரின் பெயரில் உள்ளே போய், கதைக்குக் கீழே இருக்கும் மறுபதிப்புக் குறிப்பைப் பாருங்கோ. நாளிதழ்க் கதை என்றால் கட்டத்தின் மூலையில் பொடி எழுத்தில் திகதியோ தொடர் எண்ணோ இருக்கும். தமிழில் பெரும்பாலும் வெள்ளை பூசி அழித்திருப்பார்கள், ஆனால் எங்கோ ஒரு கட்டத்தில் தப்பிக் கிடக்கும்.

அச்சுக்கூடம்:

மேலே அண்ணன் சொன்ன மூன்று வழியில் எது என்று பிரிக்க 10 மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று போதும்.

உள்ளூரில் புதிதாக வரைந்த வண்ண ஓவியம் என்றால் அட்டை முழுக்கச் சின்னப் புள்ளிகள் ஒழுங்கான பூ மாதிரி விழுந்திருக்கும், கறுப்புக் கோட்டின் ஓரமும் புள்ளியாகவே உடையும். ஏற்கெனவே அச்சான வெளிநாட்டு அட்டையைப் படம் பிடித்துப் போட்டிருந்தால் புள்ளிக்கு மேல் புள்ளி விழுந்து, வானம், முகம் போன்ற வெறும் இடங்களில் அலைஅலையாக வலைக்கோலம் தெரியும். கட்டத்தைப் பெருப்பித்தது என்றால் கோடு திடமாகவும் தடிப்பாகவும் இருக்கும்: 6 செ.மீ. அகலக் கட்டத்தை 18 செ.மீ. ஆக்கினால் கோடும் மூன்று மடங்கு. பேச்சு பலூன் இருந்த இடம் காரணமில்லாமல் தட்டையான ஒரே நிறமாகக் கிடக்கும். கட்டத்துக்குள் கூரை ஓடு வரைந்திருக்கும், அட்டையில் அதே மூலையில் வெறும் மஞ்சள்.

அடுத்தது இடவல மாற்றம். மாயாவியின் உலோகக் கை வலக்கை. வேதாளரின் மண்டையோட்டு மோதிரம் வலக்கையில், பாதுகாப்புச் சின்னம் பதித்த மோதிரம் இடக்கையில். அட்டையில் இது மாறிக் கிடந்தால், ஒன்றில் ஓவியர் தவறவிட்டிருக்கிறார், இல்லாவிட்டால் படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். பழைய அச்சுமுறையில் பிலிமை மருந்து பூசிய பக்கம் மாறி அச்சுப் பிளேட்டில் வைத்தாலே திரும்பிவிடும். தலைப்பிடத்துக்காக வேண்டுமென்றே திருப்புவதும் உண்டு. இணையத்தில் ஒப்பிடும்போது மூலப் படத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கோ.

பிறகு அளவு. அமெரிக்க மாத இதழ் இப்போது ஏறத்தாழ 6⅝ × 10¼ அங்குலம், ஒடுங்கி உயர்ந்தது. ஐரோப்பிய ஆல்பம் சுமார் 22 × 29 செ.மீ., டெக்ஸ் 16 × 21 செ.மீ., இரண்டும் அகலம் கூடியவை. அமெரிக்க அட்டையை அகலம் பிடித்து ஆல்ப வடிவில் போட்டால் உயரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் வெட்டுப்படும். ஆல்ப அட்டையை அமெரிக்க வடிவில் போட்டால் பக்கத்து ஆட்கள் காணாமற்போவார்கள், அல்லது மேலே வானத்தை நீட்டியிருப்பார்கள். நீட்டின இடத்தில் தூரிகை ஓட்டம் மாறும்.

உங்கட நீல வேதாளர் பற்றி. அமெரிக்க ஞாயிற்றுப் பக்கங்களில் 1939 முதல் அவர் ஊதா. சுவீடனில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. ஆனால் சுவீடனுக்குப் போக முதல் வெயிலைச் சந்தேகப்படுங்கோ. அச்சில் ஊதா என்பது சியான் (பச்சை கலந்த நீல மை), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு மை) இரண்டும் சேர்ந்தது. வெளிச்சத்தில் மஞ்சளும் மஜெந்தாவும் முதலில் வெளிறும், சியான் தாக்குப்பிடிக்கும். ஊதா நீலமாகிவிடும். அதே அட்டையில் சிவப்பு எழுத்தோ இலச்சினையோ இருந்தால் பாருங்கோ: சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருந்தால் மஜெந்தா போகவில்லை, நீலம் உண்மையான நீலம். சிவப்பும் மங்கி, முகங்களும் வெளுத்திருந்தால் அது கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் குடித்த பிரதி. மடிப்போரத்தில் பழைய ஊதா கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

உவர்மலை வாசகன்:

மெத்தப் பெரிய உதவி. வேதாளரில சிவப்புத் தலைப்பு செம்மஞ்சள் மாதிரித்தான் கிடக்கு, மடிப்புக்குள்ள ஊதா தெரியுது. அப்ப அது வெயில். டெக்ஸ் விசயம் என்ன? ஆங்கிலப் புத்தகங்களில ஒரே அட்டை, விலை மட்டும் வேற மாதிரி இருக்கிறதுகளும் இருக்கு. அதையும் மறுபதிப்பு எண்டு எழுதலாமோ?

நாலாம்கட்டை:

டெக்ஸ் மாத இதழ். கதையின் நீளம் இதழின் நீளத்துக்குப் பொருந்தி வராது. ஒரு கதை இதழின் நடுவில் தொடங்கி, அடுத்ததை முழுக்க நிரப்பி, அதற்கடுத்ததன் நடுவில் முடியும், மிச்சப் பக்கங்களில் புதுக்கதை தொடங்கும். ஆகவே ஒரு கதைக்கு இரண்டு மூன்று அட்டைகள் சொந்தம், அவற்றில் ஒன்று பக்கத்துக் கதையின் காட்சியாகவும் இருக்கலாம். தமிழில் முழுக்கதையையும் ஒரே புத்தகமாகக் கட்டும்போது ஒன்றைத்தான் எடுக்க முடியும். கதை தொடங்கின இதழ் எண்ணையும் முடிந்த எண்ணையும் பிடித்து, இடையில் உள்ள எல்லா அட்டைகளையும் இடப்பக்கம் சின்னதாக வரிசையில் வையுங்கோ. 400 ஆம் இதழ் வரை அட்டை ஓவியர் கலெப்பினி, 'கலெப்' என்று கையொப்பமிடுவார். 401 முதல் கிளாவ்தியோ வில்லா.

விலை மட்டும் மாறினது மறுபதிப்பு அல்ல. 1960 அளவில் இருந்து பிரித்தானியாவுக்குப் போன சில அமெரிக்க இதழ்களில் 10 சென்ட்ஸ் இடத்தில் 9 பென்ஸ் இருக்கும். அமெரிக்காவிலேயே, அதே ஓட்டத்தில், விலையை மட்டும் மாற்றி அச்சிட்டவை. 'விலை வேறுபாட்டுப் பிரதி' என்று எழுதுங்கோ. மார்வெலின் பிரித்தானிய வார இதழ்கள், 1972 இல் தொடங்கியவை, உண்மையான மறுபதிப்பு. அமெரிக்க மாதக் கதையைத் துண்டாக்கிக் கிழமைக்குக் கிழமை போட்டதால் அட்டைகள் போதாமல் புதிதாக வரைய வேண்டி வந்தது. மேல் மூலையில் காமிக்ஸ் கோட் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கோ. அது அந்தக் காலத்தில் அமெரிக்க விற்பனைக்கு இருந்த தணிக்கை முத்திரை, மறுபதிப்புகளில் அழித்திருப்பார்கள், அழித்த சதுரம் சிலவேளை தெரியும்.

இன்னுமொன்று. பல மொழியில் ஒரே படத்தை அச்சிடுகிறவர்கள் எழுத்து முழுவதையும் கறுப்பு மைக்கு உரிய பிளேட்டில் மட்டும் வைப்பது வழக்கம் (ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட்), மொழி மாறும்போது அந்த ஒரு பிளேட்டை மாற்றினால் போதும். தலைப்பு வெள்ளை எழுத்தாக இருந்தால் எல்லாப் பிளேட்டையும் மாற்ற வேணும். மூலத்தில் சோடனைத் தலைப்பும் வேற்றுமொழியில் வெறும் கறுப்புத் தலைப்பும் வருவதற்குப் பலவேளை இதுதான் காரணம், ரசனைக் குறைவு அல்ல. சிவகாசி அட்டைகளை நக்கலடிக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: கலண்டரும் பட்டாசு லேபலும் அச்சிட்ட ஊர் அது, அந்த அடர் சிவப்பும் மஞ்சளும் தூரத்தில் தொங்கினாலும் கண்ணை இழுக்கும். சில மூல அட்டைகளுக்கு அந்தத் தென்பு இல்லை.

நிலாவெளி நூல்காப்பு:

மூலப் பிரதியைத் தொங்கவிடாதேங்கோ. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, மிச்சக் காலம் உப்புக்காத்து, இரண்டுக்கும் முதலில் போவது ஸ்டேப்ளர் பின். துரு தாளைத் தின்னும். வண்ணப் பிரதி எடுத்துச் சுவரில் வையுங்கோ, அசல் பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், புள்ளிகளைப் பெருப்பித்துக் காட்டும் படத்துக்கு மட்டும் 600. வலைக்கோலம் நீக்கும் வசதி ஸ்கேனரில் இருந்தால் அந்தப் படத்துக்கு நிறுத்திவிடுங்கோ, இல்லாவிட்டால் காட்ட வந்ததே அழிந்துபோகும். ஒவ்வொரு அட்டையோடும் ஓரத்தில் அடிமட்டம் வைத்து எடுத்து, அசல் அளவிலேயே அச்சிடுங்கோ. இரண்டையும் ஒரே அளவாக்கினால் 16 × 21 செ.மீ. புத்தகமும் ஆல்பமும் ஒன்று போலத் தெரியும். பசையால் கட்டிய புத்தகங்களைக் கண்ணாடியில் அமுக்காதேங்கோ, முதுகு பிரியும். மேலிருந்து கமெராவால் எடுங்கோ.

ஓரிரு அசலை வைத்தே ஆக வேண்டுமென்றால் மூடின கண்ணாடிப் பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு, யன்னலுக்கு எதிர்ப்பக்கமாக. வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு அலகு) மேல் வேண்டாம், மங்கலாகவே இருக்கட்டும். திறந்த சட்டத்துக்குச் சிலிக்கா ஜெல் போடுவது வீண். உறை பொலிபுரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டராக இருக்கட்டும், கடைகளில் கிடைக்கும் பீவீசி உறை மையில் ஒட்டிக்கொள்ளும். லாமினேட், செலோடேப் இரண்டும் தொடவே கூடாது. துருப்பிடித்த பின்னைத் தட்டையான கத்தி நுனியால் உள்பக்கக் கால்களை நிமிர்த்தி வெளியே எடுத்து, அதே துளைகளால் பருத்தி நூல் கோர்த்து உள்ளே முடிச்சுப் போடுங்கோ. அட்டையை முதல் கழற்றி வைத்துக்கொண்டு ஸ்கேன் எடுத்த பிறகு தைத்தால் மடிப்புக்குள் கிடக்கிற அந்த ஊதாவும் படத்தில் வரும்.