அவசரம்: மழைக்குப் பிறகு வீட்டு நெற் (இணையம்) விட்டுவிட்டு வருது (விசுவமடு)

விசுவமடு_கிழக்கு, மாலை 5.52
வணக்கம். முந்தநாள் மழைக்குப் பிறகு வீட்டு ரவுட்டர் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யுது. போனில வைஃபை முழுக்கோடும் காட்டுது, ஆனா ஒண்டும் திறபடுதில்லை. பின்னால இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ள ஊசி விட்டு ரீசெற் பண்ணினன், இப்ப வந்துகொண்டிருந்ததும் இல்லை. தங்கச்சிக்கு இரவு 8 மணிக்கு சூம் வகுப்பு. தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

மாங்குளச்சந்தி, 5.58
பைபரோ, பழைய செம்புக்கம்பி லைனோ, சிம் போடுறதோ? எந்த லைற் எந்த நிறத்தில எரியுது? பைபர் (கண்ணாடி இழை வயர்) எண்டா ‘எல்.ஓ.எஸ்’ லைற்றைப் பாருங்கோ, வயரில சிக்னல் வரேல்லை எண்டு காட்டிற லைற் அது. சிவப்பா மின்னினா வயர் எங்கையோ அறுந்திட்டுது அல்லது கூடுதலா மடங்கிட்டுது. வீட்டில இருந்து ஒண்டும் செய்யேலாது, கொம்பனிக்குத்தான் அடிக்கவேணும்.

பாலைமரநிழல், 6.03
இது வைஃபை சனல் (அலை போற பாதை) பக்கத்து வைஃபையோட மோதுற பிரச்சினை போலக் கிடக்கு. 2.4 கிகாஹேட்ஸில சனலை ஓட்டோவில (அது தானாத் தெரிய) விடாம 1, 6, 11 மூண்டில ஒண்டை வையுங்கோ. அகலம் 20 மெகாஹேட்ஸ். முக்கால்வாசிப் பேருக்கு இதோட சரிவரும்.

குளக்கட்டு, 6.09
இதே கேள்விக்கு இங்க எத்தினையோ தரம் எழுதியாச்சு. கேக்க முதல் தேடிப் பாக்கிற பழக்கம் வரவேணும். வைஃபைக் கோடு உங்கட போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில இருக்கிற தொடர்பை மட்டும்தான் காட்டும். ரவுட்டருக்கு வெளியில நெற் செத்துக் கிடந்தாலும் கோடு முழுசாத்தான் நிக்கும்.
பாலைமரநிழல், வளவுக்கு வளவு இவ்வளவு தூரம் இருக்கிற ஊரில சனல் மோத பக்கத்தில ஆரின்ர வைஃபை இருக்கு?
ரீசெற் எண்டது மருந்தில்லை. கொம்பனி போட்டு வச்ச செற்றிங்ஸையும் சேத்து அழிச்சுப்போடும்.

விசுவமடு_கிழக்கு, 6.14
சிம் போடுற வெள்ளைப் பெட்டி. லைற் எல்லாம் பச்சைதான். சிலநேரம் எல்லாம் ஒருக்கா அணைஞ்சு திரும்ப எரியும். இப்ப எங்கட வைஃபைப் பேரையே காணேல்லை.

நெடுங்கேணி_வடக்கு, 6.21
பேரைக் காணாதது ரீசெற்றால. பெட்டியைத் திருப்பி அடியில ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்கோ. தொடக்கத்தில இருந்த வைஃபைப் பேரும் பாஸ்வேர்டும் அதில இருக்கும், அதைப் போட்டு இணையுங்கோ. அதே லேபிளில 192.168.1.1 அல்லது 192.168.8.1 மாதிரி ஒரு இலக்கமும் இருக்கும். பிரவுசரில அதை அடிச்சு, லேபிளில உள்ள நிர்வாகப் பாஸ்வேர்டோட உள்ளுக்குப் போங்கோ.

முதல் பாக்கவேண்டியது ஏ.பி.என், அதாவது சிம் எந்த வழியால நெற்றுக்குப் போகவேணும் எண்டு சொல்லுற பேர். சில பெட்டிகள் சிம்மைப் பாத்துத் தாங்களாவே எடுக்கும். அந்த இடம் வெறுமையா இருந்தா கொம்பனியின்ர உதவி இலக்கத்துக்கு அடிச்சு, வீட்டு இணைப்புக்கு உரிய ஏ.பி.என்னைக் கேட்டு எழுத்துப் பிழைக்காமப் போடுங்கோ. போனுக்குப் போடுறது பல இடங்களில வேறை. சிம்மைக் கழட்டிப் போனில போட்டுப் பரிசோதிக்க வேண்டாம். பல வீட்டு இணைப்புச் சிம் அந்தப் பெட்டியோட பூட்டித்தான் வரும். போனில வேலை செய்யாட்டி சிம் பழுது எண்டு பிழையா நினைப்பியள்.

அதுக்குப் பிறகு பிரவுசரில ‘சிக்னல்’ எண்ட பக்கத்தில ரெண்டு இலக்கம் பாத்து இங்க போடுங்கோ. ஆர்.எஸ்.ஆர்.பி (போன் ரவரில இருந்து வாற சிக்னலின்ர பலம்): -90 ஐ விட மேல நிண்டா நல்லது, -100 சமாளிக்கும், -110 க்குக் கீழ போனா அறுந்தறுந்துதான் வரும். எஸ்.ஐ.என்.ஆர் (இரைச்சலோட பாக்கேக்க சிக்னல் எவ்வளவு தெளிவு எண்டது): 10 க்கு மேல நல்லது, 0 க்குக் கீழ எண்டா இரைச்சல் கூட. அதோட எந்த பான்ட் (அலைவரிசை) எண்டும் பாருங்கோ, 3 ஓ (1800 மெகாஹேட்ஸ்) 40 ஓ (2300 மெகாஹேட்ஸ்) எண்டு.

முல்லைக்கரை, 6.27
மழைக்குப் பிறகு தொடங்கினது எண்டால் சிக்னல்தான். ரவருக்கு நேர் பக்கம் கூரைக்கு மேல 20 அடி ஜி.ஐ பைப் நட்டு வெளி அன்ரனா பூட்டினா பிரச்சினை அப்பிடியே போயிடும்.

குளக்கட்டு, 6.33
மழைத்துளி 1800, 2300 மெகாஹேட்ஸை மறிக்காது. அது 10 கிகாஹேட்ஸுக்கு மேல உள்ள கதை. நனைஞ்ச இலைதான் மறிக்கும், அதுவும் 2300 ஐத்தான் கூடுதலா. ரவருக்கும் வீட்டுக்கும் இடையில மாமரமோ தேக்கஞ்சோலையோ நிண்டா மழை நாளில சிக்னல் சில டெசிபல் (சிக்னல் பலத்தின்ர அளவு) குறையும். மரம் காய்ஞ்சாத் திரும்பி வரும்.
உங்கட 20 அடிப் பைப் ஐப்பசி, கார்த்திகையில வயலுக்கு நடுவில தனிய நிண்டு இடியைக் கூப்பிடும். எர்த் (இடியை நிலத்துக்கு இறக்கிற கம்பி) ஒழுங்கா அடிக்காம இப்பிடி அறிவுரை சொல்லப்படாது.

முல்லைக்கரை, 6.38
எர்த் வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? தகரக் கூரைக்குக் கீழ பெட்டியை வச்சிட்டு வேறை என்ன செய்யிறது?

நெடுங்கேணி_வடக்கு, 6.44
தகரம் எண்டா பெட்டியைக் கூரைக்குக் கிட்ட, அலுமாரிக்கு மேல வைக்கப்படாது. ரவர்ப் பக்க யன்னல் நிலைக்கு இறக்குங்கோ, அங்க சிக்னல் தகரத்தைத் தாண்டாம வரும். அன்ரனாவை விடக் கேபிளில கவனம். மலிவான ஆர்.ஜி 58 கேபிள் 10 மீற்றர் ஓடினாலே 1800 இல ஏறத்தாழ 7 டெசிபல் சாப்பிடும். 9 டெசிபல் அன்ரனா வாங்கி 7 ஐ வயரில துலைக்கிறதில என்ன லாபம்? 4ஜிக்கு அன்ரனாவில இருந்து ரெண்டு கேபிளும் வேணும், ஒண்டு பூட்டினாப் பாதிதான். பெட்டியை நல்ல இடத்தில வச்சிட்டு வீட்டுக்குள்ள லான் கேபிளை (நெற் வயரை) இழுங்கோ. கற் 5இ எண்ட வகை லான் கேபிள் 100 மீற்றர் வரைக்கும் குறையாமக் கொண்டுபோகும்.

முல்லைக்கரை, 6.49
ரவர் 6, 7 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற ஊருக்கு யன்னல் காணாது. அதையும் எழுதுங்கோ.

முறிப்பு_மின், 6.55
அன்ரனாவை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. அவர் 6.14 க்கு எழுதினதை ஒருத்தரும் வாசிக்கேல்லையோ? “எல்லாம் ஒருக்கா அணைஞ்சு திரும்ப எரியும்.” சிக்னல் அறுந்தா சிக்னல் லைற் மட்டும்தான் மாறும், பவர் லைற் அணையாது. எல்லாம் சேந்து அணைஞ்சா பெட்டிக்குக் கறண்ட் போய் வருது.

தம்பி, பிரவுசரில திறக்கிற உள்பக்கத்தில ‘அப் ரைம்’ எண்டு ஒரு இலக்கம் இருக்கும், பெட்டி கடைசியா எப்ப தொடங்கினது எண்டு காட்டும். நீங்கள் கை வைக்காமலே அது திரும்பத் திரும்ப 5, 10 நிமிசத்துக்கு வந்து நிண்டா, பெட்டிக்குக் கறண்ட் குடுக்கிற அடாப்ரர்தான் பிழை. அப் ரைம் மணிக்கணக்கில ஓட, நெற் இணைப்பு நேரம் மட்டும் 0 க்குத் திரும்பினா சிக்னல்.

இடி மழையில அடாப்ரருக்குள்ள இருக்கிற கப்பாசிற்றர் (கறண்டைச் சேத்து வச்சு ஒரே சீராக் குடுக்கிற உறுப்பு) அடிவாங்கியிருக்கும். சும்மா மீற்றர் வச்சா 12 வோல்ற் வடிவாக் காட்டும், அதை நம்பாதேங்கோ. சிக்னல் குறைஞ்ச இடத்தில பெட்டி கூடுதல் பலத்தோட அனுப்பும், அந்த நேரம் இழுக்கிற கறண்டுக்கு வோல்ற் விழுந்து பெட்டி திரும்பத் தொடங்கும். வீடியோ ஓடேக்க அணைஞ்சா அதாலதான்.

அடாப்ரர் லேபிளைப் பாருங்கோ. 12 வோல்ற் 1 அம்பியர் எண்டா 12 வோல்ற் 2 அம்பியர் போடலாம், பெட்டி தனக்குத் தேவையானதைத்தான் எடுக்கும். 9 வோல்றும் 19 வோல்றும் போடக்கூடாது. நடு ஊசிக் குறியீடு, நடுவில கூட்டல் எண்டு பழைய அடாப்ரரிலையும் புதுசிலையும் ஒரே மாதிரி இருக்கவேணும். பிளக் வாய் 5.5 மில்லிமீற்றர் சரியா இருந்தாலும் உள் துளை 2.1, 2.5 எண்டு ரெண்டு அளவு இருக்கு. மாறினா ஒண்டில் ஏறாது, இல்லாட்டி லூசா நிண்டு இதே வருத்தத்தைக் காட்டும். பூட்டின பிறகு வயரை மெல்ல ஆட்டிப் பாருங்கோ. காவல் கமராப் பெட்டி வீட்டில இருந்தா அதின்ர அடாப்ரர் அனேகமா 12 வோல்ற்தான்.

பாலைமரநிழல், 7.02
சோலர் பற்றறியில இருந்து நேர 12 வோல்ற் குடுக்கேலாதோ?

முறிப்பு_மின், 7.06
நேர வேண்டாம். சார்ஜ் ஏறேக்க அது 14.4 வரைக்கும் போகும். இடையில 12 க்கு நிப்பாட்டிற கொன்வேற்றர் ஒண்டு போடுங்கோ.

விசுவமடு_கிழக்கு, 7.41
அப் ரைம் 4 நிமிசம் எண்டு காட்டிச்சு. கமராவின்ர 12 வோல்ற் 2 அம்பியர் போட்டன், 20 நிமிசமா அணையேல்லை. ஏ.பி.என் கொம்பனிக்கு அடிச்சுக் கேட்டுப் போட்டன். ஆர்.எஸ்.ஆர்.பி -104, பான்ட் 3. தங்கச்சி வகுப்புக்கு ஏறிட்டா. எல்லாருக்கும் பெரிய நன்றி.

குளக்கட்டு, 7.48
-104 காணாது. யன்னலுக்கு மாத்தி திரும்ப அளந்து போடுங்கோ. நிர்வாகப் பாஸ்வேர்டையும் வைஃபைப் பாஸ்வேர்டையும் லேபிளில இருந்தபடி விடாதேங்கோ.

முறிப்பு_மின், 7.53
பழைய அடாப்ரரை எறியாதேங்கோ தம்பி. கையில பிடிச்சா சூடோ, காதுக்குக் கிட்ட வச்சா மெல்லிய விசில் சத்தம் வருதோ? சொன்னா மற்ற ஆக்களுக்கும் உதவும்.

மாங்குளச்சந்தி, மறுநாள் காலை 9.10
@விசுவமடு_கிழக்கு யன்னலில வச்சுப் பாத்தியளோ?