சஃபாரியில் சிங்கம் வேண்டாம், மேய்கிற விலங்குகள் போதும்: கென்யாவில் எங்கே, எப்படிப் பார்ப்பது?

பனையோலை கேட்டது:

கென்யாவுக்கு நாலு பேர், 8 இரவு, தனி வண்டி. பிப்ரவரியா ஆகஸ்ட் கடைசியா என்று இன்னும் முடிவாகவில்லை. சிங்கம், சிறுத்தைக்குப் பின்னால் ஓடுவதில் எங்களுக்கு ஆர்வம் இல்லை. இலை தழை, புல் தின்கிற விலங்குகளை நிதானமாகப் பார்க்க வேண்டும், எத்தனை வகை முடியுமோ அத்தனை. ஆனால் கைக்கு வரும் பயணத் திட்டங்கள் எல்லாமே மசாய் மாரா, நகுரு, அம்போசெலி என்றுதான் இருக்கின்றன. இந்த மூன்று போதுமா, எதையாவது வெட்டிவிட்டு வேறு இடம் சேர்க்கலாமா?

இன்னொன்று, படங்களில் மான் வகை எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. தூரத்தில் இருந்தே பிரித்துச் சொல்ல எதைப் பார்க்க வேண்டும்? கையில் 10×42 பைனாகுலர் இருக்கிறது.

---

புல்வெளி பதில்:

மூணும் நல்ல இடம்தான், ஆனா வறண்ட வடக்கை அப்படியே விட்டுட்டாங்க. உங்க தேவைக்கு முதல்ல எழுத வேண்டிய பேர் சம்புரு. மாராவுல எத்தனை நாள் சுத்தினாலும் கிடைக்காத விலங்குகள் அங்க இருக்கு: கிரேவி வரிக்குதிரை, வலைப்பின்னல் ஒட்டகச்சிவிங்கி, பெய்சா ஓரிக்ஸ் (நீளக் கொம்பு மான்), ஜெரனுக் (நீளக் கழுத்து மான்).

காரணம் தீவனம். மாரா பெரும்பாலும் திறந்த புல்வெளி, அதனால அங்க புல் தின்னிகள் கூட்டம்: வில்டபீஸ்ட், சமவெளி வரிக்குதிரை, டோபி, தாம்சன் கெசல், காட்டெருமை. சம்புரு முள்மரமும் புதரும் நிறைஞ்ச பூமி, இலை தின்னிகளுக்கான இடம். ஜெரனுக் பின்னங்கால்ல நேரா எழுந்து நின்னு, முன்னங்காலால கிளையை இழுத்துப் பிடிச்சு, மத்த மான்களுக்கு எட்டாத உயரத்துல தளிர் கடிக்கும். இலையில இருக்கிற ஈரமே அதுக்குப் போதும், தண்ணிப் பக்கம் வர்றது அபூர்வம். அதனால ஜெரனுக்கை ஆத்தங்கரையில தேடாதீங்க, உள்ளே தள்ளி புதர்க்காட்டுல தேடணும். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பாக்கணும்னா எவாசோ நயிரோ ஆத்தோரம், காலை வெயில் ஏறின பிறகு.

8 இரவுக்கு என் கணக்கு: சம்புரு 2, ஓல் பெஜேட்டா (காண்டாமிருகச் சரணாலயம்) 2, நகுரு 1, மாரா 3. நைரோபியிலிருந்து சம்புருவுக்கு 5, 6 மணி நேரம். அங்கிருந்து ஓல் பெஜேட்டா ரெண்டரை, மூணு மணி நேரம். நகுருவிலிருந்து மாரா மறுபடியும் 5, 6 மணி. அம்போசெலியை இதுக்குள்ள திணிக்காதீங்க. மாராவிலிருந்து அங்க போக ஒரு பகல் முழுக்க ரோட்டுலயே போயிரும். யானை சம்புருவுலயே தாராளமா கிடைக்கும்.

10×42 ஓடுற வண்டியில ஆடும். வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் அணைச்சாத்தான் அதால பிரயோஜனம். பெருக்கம் குறைஞ்ச 8×42 அவ்வளவு ஆடாது, கிடைச்சா ஒண்ணு சேர்த்து எடுத்துக்கோங்க.

---

ஓரிக்ஸ்கொம்பு பதில்:

நகுருவைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து. அங்கே போவதற்குச் சொல்லும் முதல் காரணம் காண்டாமிருகம். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே பெரிய கருப்புக் காண்டாமிருகச் சரணாலயம் ஓல் பெஜேட்டாதான். தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகமும் அங்கேயே மேய்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் கடைசி இரண்டு வடக்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்களான நாஜினும் ஃபாத்துவும் அங்கேதான் பாதுகாப்பில் இருக்கின்றன. இரண்டுமே பெண், கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்துபோனது. ஆக, ஓல் பெஜேட்டாவில் 2 இரவு தங்கினால் நகுருவுக்கு மிச்சமிருக்கும் நியாயம் ஒன்றே ஒன்று: முழங்காலுக்குக் கீழே கோலமே இல்லாமல் வெள்ளைக் காலுறை போட்டது போலிருக்கும் ரோத்ஸ்சைல்டு ஒட்டகச்சிவிங்கி. அது முக்கியம் என்றால் போங்கள். இல்லையென்றால் அந்த இரவை மாராவை ஒட்டிய தனியார் கன்சர்வன்சி (வனவிலங்குக் காப்பு நிலம்) ஒன்றில் போடுங்கள். தேசியப் பூங்காவிலும் மாரா ரிசர்விலும் இரவுச் சுற்றுக்கு அனுமதி இல்லை, கன்சர்வன்சிகளில் உண்டு. கரையேறி மேயும் நீர்யானையையும், கங்காரு மாதிரி தாவும் ஸ்பிரிங்ஹேரையும் இருட்டில்தான் பார்க்க முடியும்.

மாதம் எது என்றால், பணத்தையும் கணக்கில் சேருங்கள். மாரா ரிசர்வ் நுழைவுக் கட்டணம் 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி–ஜூனில் ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைக்குத்தான். கிளம்பும் நாளில் 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் அன்றைக்கும் கட்ட வேண்டிவரும். பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். 3 இரவு, 4 பேர் என்றால் வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது செரங்கெட்டியிலிருந்து வரும் வில்டபீஸ்ட் கூட்டம். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை வருடம் முழுக்கச் சுற்றும் அந்த வட்டத்தில், ஜூலை கடைசி முதல் அக்டோபர் வரை பெரிய கூட்டங்கள் மாராப் பக்கம் இருக்கும். பிப்ரவரியில் அவை தான்சானியாவில், நுடூட்டு சமவெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். உள்ளூரிலேயே தங்கிவிடும் வில்டபீஸ்ட், டோபி, ஏலண்ட், காட்டெருமை ஆகியவை பிப்ரவரியிலும் மாராவில் உண்டு. வகை எண்ணிக்கைதான் குறிக்கோள் என்றால் பிப்ரவரி. ஆற்றைக் கூட்டமாகக் கடப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆகஸ்ட். ஏப்ரல், மே மட்டும் வேண்டாம், கருப்பு மண் பாதையில் வண்டி புதைந்துவிடும்.

---

பின்பக்கம்பார் பதில்:

மான் வகைக்குக் கொம்பைப் பார்த்து ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். குட்டிக்கும் பெட்டைக்கும் கொம்பு வேறு மாதிரி இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பின்பக்கத்தைப் பாருங்கள். எப்படியும் அது உங்களைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டுதான் போகும்.

மாராவில் முதலில் மாட்டுவது தாம்சன் கெசலும் கிராண்ட் கெசலும். விலாவில் கருப்புப் பட்டை இருந்தால் தாம்சன் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி, கிராண்டின் குட்டிக்கும் சில பெட்டைக்கும் மங்கலான பட்டை இருக்கும். பிசகாத அடையாளம் பின்புற வெள்ளை. வாலுக்கு மேலேயும் ஏறி முதுகைத் தொட்டால் கிராண்ட். வாலுக்குக் கீழேயே நின்றுவிட்டால் தாம்சன். கூடவே, தாம்சனின் கருத்த வால் ஓய்வே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நின்றால் உருவமும் கிராண்டை விடச் சின்னது.

இம்பாலாவின் பின்னால் மூன்று கருப்புக் கோடு: வாலில் ஒன்று, இரு தொடையிலும் ஒவ்வொன்று. பின்னங்கால் குளம்புக்குச் சற்று மேலே கருத்த மயிர்க்கற்றை இருக்கும், அது வேறெந்த மானுக்கும் இல்லை. கொம்பு கிடாவுக்கு மட்டும். வாட்டர்பக் இன்னும் சுலபம். பின்புறத்தில் வெள்ளை வளையம் இருந்தால் சாதாரண வாட்டர்பக், முழுக்க வெள்ளையாக இருந்தால் டெஃபாசா. நகுருவிலும் மாராவிலும் பார்ப்பது டெஃபாசா.

டோபியும் ஹார்ட்பீஸ்டும் நீண்ட முகத்தால் ஒன்றுபோலத் தோன்றும். டோபிக்குத் தொடையிலும் தோளிலும் கருநீலச் சாயம் பூசியது போல் திட்டு இருக்கும், ஹார்ட்பீஸ்ட் முழுக்க மண் நிறம். கறையான் புற்றின் மேல் ஏறி அசையாமல் நிற்கிற ஒன்றைப் பார்த்தால், அது டோபியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வரிக்குதிரைக்கு வயிற்றைப் பாருங்கள். கிரேவிக்குக் கோடுகள் நெருக்கமாக, மெல்லியதாக ஓடி வயிற்றுக்கு மேலேயே நின்றுவிடும், அடிவயிறு வெள்ளை. காது பெரியது, வட்டமானது. சமவெளி வரிக்குதிரைக்கு அகலமான கோடு அடிவயிறு வரை சுற்றி வரும். சம்புருவில் இரண்டும் கலந்து நிற்பது உண்டு, அதனால் கூட்டத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் பெயர் வைக்காதீர்கள்.

காண்டாமிருகத்தில் 'வெள்ளை', 'கருப்பு' என்பதை நிறமாக எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள், இரண்டும் எந்தச் சேற்றில் புரண்டதோ அந்த நிறம். உதட்டைப் பாருங்கள். புல் தின்னும் வெள்ளைக்கு உதடு அகலமாகத் தட்டையாக இருக்கும், தலை தரையோடு தொங்கும். புதர் தின்னும் கருப்புக்கு மேலுதடு கொக்கிபோல் கூர்ந்து, தலை நிமிர்ந்து இருக்கும். சாணத்திலும் தெரியும்: கருப்பினுடையதில் கத்தரித்தது போல் சாய்வாக வெட்டுப்பட்ட குச்சித் துண்டுகள் கிடக்கும். வெள்ளையினுடையதில் வெறும் புல் நார்தான்.

---

பனையோலை:

மூவருக்கும் நன்றி. நகுருவை எடுத்துவிட்டு கன்சர்வன்சி இரவு சேர்க்கிறோம், பிப்ரவரி. ஒரு கவலை: ரேடியோவில் சிங்கம் என்று சத்தம் வந்ததும் ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறப்பார்கள் என்கிறார்களே, அதை எப்படித் தடுப்பது? குடு, சேபிள் என்ற இரண்டு மான்களும் கென்யாவில் கிடைக்குமா? மூன்றாவது, இவற்றில் எது ஆபத்து?

---

புல்வெளி பதில்:

அவங்க மேல தப்பில்ல. பெரும்பாலான பயணிங்க சிங்கத்தைப் பாத்தாத்தான் திருப்தியாவாங்க, அதுக்கேத்த மாதிரி பழகிட்டாங்க. புக் பண்ணும்போதே எழுத்துல சொல்லிருங்க: தாவர உண்ணிகள்தான் எங்க விருப்பம், ஒரே கூட்டத்தோட அரை மணி நேரம் நிப்போம், ரேடியோ தகவலுக்கு ஓட வேண்டாம்னு. முதல் நாள் காலையில ஓட்டுநர்கிட்ட நேரா இன்னொரு தடவையும் சொல்லுங்க. மானை நல்லா அறிஞ்ச ஓட்டுநர்கள் நிறைய பேர் இருக்காங்க, கேக்கத்தான் ஆளில்ல.

நின்னா என்ன கிடைக்கும்னு ஒரு உதாரணம். சம்புருவுல முயல் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கிற டிக்-டிக், எப்பவும் ஜோடியாத்தான் இருக்கும். வண்டி வந்ததும் புதருக்குள்ள போய் நிக்கும். இன்ஜினை அணைச்சிட்டு பத்து நிமிஷம் பேசாம இருந்தா திரும்பி வரும். அப்போ கண்ணோரத்துல இருக்கிற கருப்புக் குழியை ஒரு குச்சி நுனியில மெதுவா வச்சு அழுத்தும். அந்தக் குழியில சுரக்கிற தார் மாதிரியான பசை குச்சியில ஒட்டிக்கும். அதுதான் அதோட எல்லைக்கல். ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கிறதும் இப்படித்தான். முன்னங்காலை அகட்டுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் நெடுநேரம் பாக்கும், பாதி குனிஞ்சிட்டு மறுபடி நிமிரும். அந்த நேரத்துல கதவுச் சத்தம் ஒண்ணு போதும், குடிக்காமலே போயிரும்.

வண்டியைக் கூட்டத்தை நோக்கி நேரா ஓட்டாம, சாய்வா, அது போற திசைக்கு முன்னால போய் நிறுத்தச் சொல்லுங்க. காத்து உங்க பக்கத்துலேருந்து அது பக்கம் அடிச்சா ஏலண்ட் நிக்கவே நிக்காது. மானுக்குள்ள ரொம்பப் பெரிசு, ஆம்பளை 900 கிலோ வரை போகும், ஆனா அவ்வளவு கூச்சம்.

காலை பத்து மணிக்கு மேல, சாயங்காலம் நாலு வரைக்கும் கானல் அலையில தூரத்துப் படம் எல்லாம் கலங்கித்தான் வரும். லென்ஸ் மேல பழி போடாதீங்க.

---

ஓரிக்ஸ்கொம்பு பதில்:

சேபிள் கென்யாவில் ஷிம்பா மலைப் பகுதியில் மட்டும்தான், உங்கள் பாதைக்கு மிகத் தள்ளி இருக்கிறது. பெரிய குடுவுக்கு போகோரியா ஏரிப் பக்கம் போக வேண்டும், அங்கேயும் சிரமம். சின்ன குடுவுக்கு ட்சாவோ மேற்கு. சம்புருவிலும் அதிர்ஷ்டம் இருந்தால் புதருக்குள் தட்டுப்படும். குடு மேல் அவ்வளவு ஆசை என்றால் அதற்குத் தனியாகத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் போவதே மேல், அங்கே பெரிய குடு சாலையோரத்திலேயே நிற்கும்.

ஆபத்துக்கு வருகிறேன். வண்டிக்குள் இருக்கும்வரை முதலில் கவனிக்க வேண்டியது மதம் பிடித்த ஆண் யானை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரக்கோடு வழிந்து, பின்னங்காலுக்கிடையே சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தால், எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் கிட்டே போக வேண்டாம், வழியையும் மறிக்க வேண்டாம். மற்ற யானைகள் காதை விரித்துத் தலையை உலுக்குவது பெரும்பாலும் எச்சரிக்கை. அப்போதே மெதுவாகப் பின்வாங்கிவிடுங்கள். காதை ஒட்ட மடக்கி, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் அது எச்சரிக்கை அல்ல.

இறங்கி நடக்கும் இடத்தில், அதாவது தங்குமிடத்தில், நீர்யானையும் தனித்துத் திரியும் கிழட்டு ஆண் காட்டெருமையும்தான் பயம். நீர்யானை இருட்டியதும் கரையேறி, ஓர் இரவில் சுமார் 40 கிலோ புல் மேயும். வேலி இல்லாத முகாம்களில் கூடாரத்துக்கு நடுவிலேயே மேயும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆள் நின்றால் தாக்கும், ஓட்டத்தில் மனிதனை விட வேகம். இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் டார்ச் அடித்துக் காவலரைக் கூப்பிடுங்கள், அங்கே அஸ்காரி என்பார்கள். பத்தடி தூரம்தானே என்று தனியாகக் கிளம்பாதீர்கள்.

மாராவிலிருந்து திரும்பும்போது சிறு விமானம் என்றால் ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் அதற்குள்தான், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏற்றமாட்டார்கள். கேமராவின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.