பெட்டியோடு வரும் 5.1 ஹோம் தியேட்டர்: நெல்லைப் பக்கம் வாங்கியவர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

மச்சானுக்கு ஒரு ஹோம் தியேட்டர் எடுப்பதற்காக ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி என்று கடை கடையாக ஏறி இறங்கி வந்திருக்கிறேன். அவர் இதுவரை வீட்டில் டிவிக்குள் இருக்கிற ஸ்பீக்கரிலேயே படம் பார்த்துப் பழகியவர். ஆம்ப்ளிஃபையர் தனி, ஸ்பீக்கர் தனி என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க நேரமும் இல்லை, அவ்வளவு பட்ஜெட்டும் இல்லை. ஒரே அட்டைப்பெட்டியில் எல்லாம் வர வேண்டும், மாட்டினால் ஓட வேண்டும். நம் ஊரில் முதல் தடவை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள், அதனால் பார்த்ததை விவரமாகவே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சேருங்கள்.

முதலில் போன கடையில் கலர் லைட் மின்னுகிற ஒரு செட்டைக் காட்டினார்கள். ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரிய ஊஃபர், அட்டை மேல் ஐந்து இலக்கத்தில் வாட்ஸ். கடைத் தம்பி தன் போனிலிருந்து ப்ளூடூத்தில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டதும் ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது, மச்சான் முகமும் மலர்ந்துவிட்டது. நான் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி ஆர்சிஏ (ஒன்றுக்கு ஒரு தடம் சத்தம் மட்டும் போகிற வட்ட ஓட்டை), யூஎஸ்பி, எஃப்எம் ஆன்டெனா, அவ்வளவுதான். எச்டிஎம்ஐ இல்லை, சத்தத்தை ஒளியாகக் கொண்டுவருகிற ஆப்டிகல் ஓட்டையும் இல்லை. "தம்பி, டிவியில இருந்து 5.1 இதுக்குள்ள எப்படிப் போகும்?" என்று கேட்டேன். "ப்ளூடூத்துலயே போயிரும் அண்ணாச்சி, அஞ்சுலயும் சவுண்டு வரும்" என்றார்.

அஞ்சிலும் சவுண்டு வரும், அது நிஜம். ஆனால் ப்ளூடூத்தில் வருவது இடது, வலது என்று இரண்டே தடம், அந்த இரண்டைத்தான் பெட்டி ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு வைக்கிறது. முன்னால் கேட்கிற அதே பாட்டு முதுகுப் பக்கமும் கேட்கும், கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. படத்துக்கு 5.1 மிக்ஸ் செய்கிறவர்கள் ஆறு தடங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறார்கள். முன் இடது, முன் வலது, பெரும்பாலும் வசனத்தைச் சுமக்கிற சென்டர், பக்கவாட்டில் இரண்டு, அப்புறம் அந்த 'புள்ளி ஒன்று', அது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலிக்கு மட்டும். இவை டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்ற சுருக்கிய வடிவத்தில் வந்து சேரும். அதைப் பிரித்துக் கொடுக்க ஒரு டிகோடர் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். சில செட்டுகளில் டிகோடர் இருக்காது, ஆனால் பின்னால் ஆறு ஆர்சிஏ ஓட்டைகள் இருக்கும், அவற்றுக்கு வெளியே தனியாக டிகோடர் வாங்கி மாட்டலாம். இரண்டும் இல்லாத பெட்டியில் 5.1 என்று எத்தனை பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும் பாட்டு கேட்க மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், படத்துக்காக வாங்காதீர்கள்.

இதனால்தான் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள் என்கிறேன். எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பக்கத்தில் ஏஆர்சி என்று எழுதியிருக்க வேண்டும். இது 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-ஓடு வந்த வசதி. டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகிற அதே கேபிள் வழியாக டிவியின் சத்தம் திரும்பி ஹோம் தியேட்டருக்கு வரும், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வீட்டு டிவியிலும் ஏஆர்சி எழுதிய ஓட்டை எது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். டிவி பழையதாக இருந்து ஏஆர்சி இல்லையென்றால் ஆப்டிகல் போதும், டால்பி டிஜிட்டல் 5.1 அதில் நன்றாகவே வரும்.

மாட்டிய பிறகு எல்லார் வீட்டிலும் விட்டுப்போகிற ஒரு வேலை இருக்கிறது. டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால் ஏஆர்சியில் இரண்டு தடம்தான் போகும். அதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும், ஒவ்வொரு டிவியிலும் ஒவ்வொரு பெயர். அப்புறம் ஓடுகிற படத்திலேயே 5.1 இருக்க வேண்டும். ஓடிடியில் தலைப்புக்குக் கீழே 5.1 அல்லது டால்பி என்று போட்டிருந்தால் உண்டு. டிஷ்ஷில் வருகிற சீரியலும் செய்தியும் பெரும்பாலும் ஸ்டீரியோ, அதில் பின் ஸ்பீக்கர் சும்மா இருப்பது கோளாறு கிடையாது.

வாட்ஸ் பற்றி. கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுகிற ஊரில் வளர்ந்த காதுகள் நம்முடையவை, சத்தம் பெரிதாக இருந்தால் நல்ல செட் என்று மனது தானாகவே முடிவு செய்துவிடுகிறது. அட்டையில் போட்டிருப்பது பிஎம்பிஓ, அதாவது கண நேர உச்சத்தைச் சொல்கிற விளம்பரக் கணக்கு என்றால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆர்எம்எஸ், அதாவது செட் தொடர்ந்து தருகிற வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். பெரிய கம்பெனிகள் போடுகிற 400 வாட்ஸ், 600 வாட்ஸ் கூட எல்லாச் சேனலையும் கூட்டிச் சொல்கிற கணக்குத்தான். தவிர, வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். நம் வீட்டு ஹாலுக்கு இந்தப் போட்டியே தேவையில்லை.

கடைசியில் மச்சானுக்கு எடுத்தது சோனி எச்டி-எஸ்20ஆர். முன்பக்கம் மூன்று சேனலும் ஒரே நீளப் பட்டையில் இருக்கும், பின்னால் வைக்க இரண்டு சின்ன ஸ்பீக்கர், அடி ஒலிக்கு ஒரு சப்ஊஃபர், மொத்தம் 400 வாட்ஸ், எச்டிஎம்ஐ ஏஆர்சி உண்டு. எல்லாம் ஒயர்தான். அது அவர் வீட்டுக்குப் பொருந்தியது, அவ்வளவே. அதே விலையில் வேறு கம்பெனி கிடைத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

தென்காசியிலிருந்து:

எங்கள் ஆச்சிக்கு வலது காது கொஞ்சம் மந்தம். டிவியில் வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார்கள், சண்டைக்காட்சி வந்ததும் தெருவுக்கே கேட்கும், உடனே குறைப்பார்கள், மறுபடி வசனம் கேட்காது. நான் ஹோம் தியேட்டர் வாங்கியதே இதற்காகத்தான். அண்ணன் மேலே சென்டர் ஸ்பீக்கரை ஒரு வரியில் தாண்டிவிட்டார், எனக்கு அதுதான் முழு விஷயமும்.

கடையில் நான் பாட்டு போடச் சொல்லவில்லை. மழைக் காட்சியோ ரயில் காட்சியோ இருக்கிற படமாகப் பார்த்து, இரண்டு பேர் மெதுவாகப் பேசுகிற இடத்தை, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துப் போடச் சொன்னேன். ஒரு செட்டில் மழை மட்டும்தான் கேட்டது. இன்னொன்றில் மழைக்கு நடுவிலும் வார்த்தை பிசிறில்லாமல் வந்தது, அதையே எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டில் சென்டரை மட்டும் இரண்டு மூன்று புள்ளி ஏற்றி வைத்தோம். இந்த வசதி எல்லா செட்டிலும் இருக்காது, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். 'நைட் மோட்' என்று ஒன்று இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள், வெடிச்சத்தத்தை அமுக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். ஆச்சி இப்போது படம் முடிந்ததும் கதையை எனக்கே சொல்கிறார்கள்.

சென்டர் ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டுக்குள்ளே தள்ளி வைக்காதீர்கள். முன் விளிம்புக்கு இழுத்து வைத்தால் குரல் தெளியும். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் சுவரெல்லாம் ஈரம் கோக்கும், பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளியே வைத்திருக்கிறோம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

நான் டிவி, ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறவன். வாங்குகிறவர்கள் கேட்காத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெட்டியோடு வருகிற செட்டில் ஆம்ப் பெரும்பாலும் சப்ஊஃபருக்குள்ளேயோ பிளேயருக்குள்ளேயோ இருக்கும். அது போனால் ஆறு ஸ்பீக்கரும் ஊமை. ஆகவே நம் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனியாகப் பாருங்கள், மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தால் அந்த அலைச்சலையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில செட்டில் ஸ்பீக்கர் பிளக்கே அந்தக் கம்பெனிக்கென்று தனி வடிவத்தில் இருக்கும், வெளி ஸ்பீக்கர் மாட்ட முடியாது. மாட்ட முடிந்தாலும் ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை அளவு, பார்க்காமல் மாட்டாதீர்கள், 6 ஓம் இருந்த இடத்தில் 3 ஓம் போட்டால் ஆம்ப் சூடாகி ஐசி போய்விடும்.

பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செட் என்று அடிக்கடி வரும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின் தகட்டில் 100-240 என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் போட்டிருந்ததை அடாப்டர் பின் வைத்து நேரே செருகி, டப் என்று ஒரு சத்தத்தோடு முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். தகட்டைப் படிக்க ஒரு நிமிஷம் போதும்.

அப்புறம் பல்லி. சூட்டுக்காகக் காற்றுத் துளை வழியாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், போர்டில் இரண்டு கால் பட்டால் ஷார்ட்தான். துளைகளின் மேல் மெல்லிய நைலான் வலை ஒட்டுங்கள், துணி போட்டு மூடாதீர்கள், காற்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் கரன்ட் பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் டிஷ் ஒயர் வழியாக டிவிக்கு வந்து, எச்டிஎம்ஐ வழியாக ஹோம் தியேட்டர் வரை போன வேலைகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. இன்வெர்ட்டரில் மட்டும் ம்ம்ம் என்று இரைகிறது என்பார்கள். அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் அப்படித்தான் இரையும், செட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

திருநெல்வேலி டவுனிலிருந்து:

எங்களுடையது வளவு வீடு. பட்டாசல், அதாவது ஹால், நீளம் உண்டு, அகலம் குறைவு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். சப்ஊஃபரை மூலையில் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு மைனி ஒன்றும் கோபப்படவில்லை, "ராத்திரி தொட்டில்ல பிள்ள முழிச்சுக்கிடுது" என்றுதான் சொன்னார்கள். குரலும் பாட்டும் சுவரில் நின்றுவிடும், அடி ஒலி நிற்காது, சுவரையும் தரையையும் பிடித்துக்கொண்டு போகும். மூலையில் வைத்தால் இன்னும் பெருகும்.

மூலையிலிருந்து எடுத்து, பொதுச் சுவருக்கு எதிர்ப் பக்கம், அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டு வைத்தோம், பேஸையும் பாதிக்குக் குறைத்தோம். ஆச்சரியம் என்னவென்றால் எங்களுக்கே பேஸ் சுத்தமாகக் கேட்க ஆரம்பித்தது, முன்பு எல்லாம் கொழகொழவென்று இருந்தது. எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து பார்க்கிற இடத்தில் சப்ஊஃபரை வைத்து, அடி ஒலி உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, அறையைச் சுற்றித் தரையோடு குனிந்து நடந்து கேளுங்கள். எந்த இடத்தில் பேஸ் அளவாக, ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை, ஜன்னலுக்குத் திரை இல்லை என்றால் எந்த செட்டும் எதிரொலிக்கும். பத்தமடைப் பாய் விரித்துப் பார்த்தோம், அது மெல்லிசு, பெரிதாக மாறவில்லை. தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து முன்னால் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டதும் கூச்சல் அடங்கியது.

வள்ளியூரிலிருந்து:

எல்லாம் படித்தேன், ரொம்ப உபயோகம். எங்கள் ஹாலில் சோபா பின் சுவரோடு ஒட்டி இருக்கிறது, இழுக்க இடமில்லை. பின் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? ஒயர் எட்டுமா? அல்லது சவுண்ட்பார் மட்டும் எடுத்தால் போதுமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

நல்ல கேள்வி. 5.1-இல் பின் ஸ்பீக்கர் என்று நாம் சொல்வது உண்மையில் பக்கவாட்டு ஸ்பீக்கர். திரைக்கு நேரே உட்கார்ந்தால் இரு பக்கமும் ஏறக்குறைய 110 டிகிரியில், அதாவது தோளுக்குக் கொஞ்சம் பின்னால், காதை விடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் சோபாவின் இரண்டு கைகளுக்கும் வெளியே, பக்கச் சுவரில் ஆணியடித்து, கேட்கிறவர் பக்கம் திருப்பி மாட்டினால் சரியாக வரும். பின் சுவரில் தலைக்கு நேர் பின்னால் மட்டும் மாட்டாதீர்கள், காதுக்குள் கத்துகிற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வாசலாக இருந்து ஸ்பீக்கர் மாட்டவே முடியாது என்றால் 3.1 சவுண்ட்பார் எடுங்கள், சென்டர் தனியாக இருக்கும், வசனம் கிடைக்கும். 2.1 வேண்டாம், அதில் சென்டர் தனியாக இருக்காது.

ஒயருக்கு, வாங்குவதற்கு முன்பே வீட்டில் நூல் பிடித்து அளந்துவிடுங்கள். நேர்க்கோட்டில் அளக்காமல், கதவு நிலையைச் சுற்றி, தரை ஓரமாக எப்படிப் போகுமோ அப்படியே அளக்க வேண்டும். பெட்டிக்குள் எத்தனை மீட்டர் ஒயர் வருகிறது என்று கடையில் கேட்டால் சொல்வார்கள். எட்டவில்லையென்றால் அதே தடிமனிலோ அதைவிடத் தடித்ததாகவோ செம்பு ஒயர் வாங்கி ஒட்டலாம், பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் சத்தம் வரும், ஆனால் பேஸ் மெலிந்து, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஹாலின் நீளம், அகலம், டிவி மாடல் மூன்றையும் எழுதுங்கள், எது பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.